காடி கேள்வி, ஃபோர்மேன் பதில்: மேனிஃபோல்டு வந்துடும், ஸ்டட் வருமா?

போன இதழ்ல காலையில ஸ்டார்ட் பண்ணும்போது வர்ற சத்தத்தப் பத்தி சும்மா ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு நினைக்கவே இல்ல. பாதி சிங்கப்பூருக்கு அதே ‘டிக் டிக்’ தான் போல. அதனால இந்த தடவ பிரேக்கு, ஏர்கான் கேள்வியெல்லாம் ஓரமா வச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மட்டும்தான், அதாவது எஞ்சின்ல இருந்து வர்ற புகைய சேத்து ஒரே பைப்புக்கு அனுப்பற இரும்புக் குழாய்.

கேள்வி: அண்ணே, என் காடிக்கு 13 வயசு, சிஓஇ (பத்து வருஷ காடி உரிமம்) புதுப்பிச்சு ஓட்டிட்டு இருக்கேன். காலையில ஸ்டார்ட் பண்ணா தையல் மெஷின் மாதிரி டிக் டிக்னு சத்தம், சிடிஇ எக்ஸ்பிரஸ்வேல ஏறி பத்து நிமிஷத்துல அடங்கிடுது. ஒர்க்‌ஷாப்ல மேனிஃபோல்டு கிராக், மாத்த ஆயிரம் வெள்ளிக்கிட்ட ஆகும்ங்கறாங்க. மாமனார் வீடு சிராங்கூன் கார்டன்ஸ்ல இருக்கு, கார் போர்ச் இருக்கு, ஸ்பேனர் செட்டும் இருக்கு, பிரேக் பேட் நானே மாத்துவேன். இதையும் நானே செய்யலாமா? (சிராங்கூன் வாசகர்)

பதில்: செய்யலாம் தம்பி. ஆனா ஒண்ணு மொதல்லயே சொல்லிடறேன், மேனிஃபோல்டு மாத்தறது பெரிய வேலையே இல்ல, ஏழெட்டு நட்ட கழட்டி பழச எடுத்துட்டு புதுச மாட்டறதுதான். 13 வருஷமா சூட்டுலயும் மழைத் தண்ணியிலயும் வெந்து கிடக்கற அந்த ஏழெட்டு நட்டு இருக்கே, அதுதான் வேலை. ஒர்க்‌ஷாப்காரர் கேக்கற ஆயிரத்துல சாமான் விலை கொஞ்சம், கூலி கொஞ்சம், மிச்சமெல்லாம் ஸ்டட் (எஞ்சின்ல திருகி நிக்கற தலையில்லாத போல்ட்டு, நட்டு அது மேலதான் ஏறும்) உடைஞ்சா என்ன பண்றதுங்கற பயத்துக்கு. நானும் அப்படித்தான் விலை சொல்லிட்டு இருந்தேன், இப்ப ரிட்டையர் ஆயிட்டேன், உண்மைய சொல்லலாம்.

சாமான் வாங்கறதுக்கு முன்னாடி நெஜமாவே மேனிஃபோல்டுதானான்னு பாத்துக்குங்க. மேனிஃபோல்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல வர்ற கேஸ்கெட் தகடு போனாலும் இதே சத்தம், ஒரு நட்டு லூசானாலும் இதே சத்தம். எக்ஸாஸ்ட் வாயு வேலை நேரத்துல 600, 800 டிகிரி செல்சியஸ்னு போகும், அந்த சூட்டுல இரும்பு விரிஞ்சு விரிசல் தானா மூடிக்கும், அதனாலதான் சிடிஇ ஏறினதும் உங்களுக்கு சத்தம் அடங்குது. அப்ப சூடான எஞ்சின்ல தேடினா ஒண்ணும் கிடைக்காது, ராத்திரி முழுக்க ஆறின எஞ்சின்ல பாக்கணும். கரி படிஞ்ச கோடு எங்கயாவது தெரியுதான்னு டார்ச் அடிச்சு பாருங்க. தெரியலன்னா ஒரு வழி இருக்கு, வீட்டுல காத்து ஊதற வேக்யூம் கிளீனர் இருந்தா அதோட குழாய பின்னாடி எக்ஸாஸ்ட் பைப்புல துணி சுத்தி சொருகி ஊத விட்டுட்டு (எஞ்சின் ஆஃப்ல, நல்லா ஆறியிருக்கணும்), முன்னாடி வந்து மேனிஃபோல்டு மேல சோப்புத் தண்ணி அடிங்க, எங்க நுரை முட்டை விடுதோ அங்கதான் ஓட்டை. மாமியாரோட வேக்யூம் கிளீனர்னா கேட்டுட்டு எடுங்க.

சாமான் வாங்கும்போது கவனம். நிறைய காடியில கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையில இருக்கற நச்ச குறைக்கற சாமான்) மேனிஃபோல்டோட ஒட்டியே வரும், அதுன்னா விலை எகிறும். சில எஞ்சின்ல தனியா மேனிஃபோல்டே கிடையாது, நம்ம ஊர்ல நிறைய ஓடின அந்த 2006 மாடல் ஹோண்டா சிவிக் 1.8 எடுத்துக்குங்க, அதுல மேனிஃபோல்ட ஹெட்டுக்குள்ளயே (எஞ்சினோட மேல் பாகம்) சேத்து வார்த்துட்டாங்க. அதனால சேசிஸ் நம்பர சொல்லித்தான் வாங்கணும். இங்க பத்து வருஷத்துல நிறைய காடிய ஸ்கிராப் பண்றதால செகண்ட் ஹேண்ட் மேனிஃபோல்டு கிடைக்கறது கஷ்டமில்ல, ஆனா வாங்கற இடத்துலயே ரெண்டு பைப் சேர்ற மூலைய ஒயர் பிரஷ் போட்டு தேச்சு பாருங்க, விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். கேஸ்கெட்டு, நட்டு, முடிஞ்சா ஸ்டட்டும் புதுசு வாங்கிடுங்க, அதுல கஞ்சத்தனம் வேணாம். டூல்ஸ் குறைஞ்சா ஜாலான் புசார் பக்கம் ஹார்ட்வேர் கடையில பாருங்க. முன்னெல்லாம் சுங்கை ரோடு சந்தையில அஞ்சு வெள்ளிக்கு நல்ல ஜப்பான் ஸ்பேனரே கிடைக்கும், 2017 ஜூலையில அதையும் மூடிட்டாங்க.

இப்ப ஸ்டட்டுக்கு வருவோம். வேலை ஞாயித்துக்கிழமைன்னா வெள்ளிக்கிழமை ராத்திரியே ஒவ்வொரு நட்டு அடியிலயும் பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சு ஊற விடுங்க, சனிக்கிழமை காலையில ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ. வீட்டுல கீல் சத்தத்துக்கு அடிக்கற சாதாரண ஸ்ப்ரே இதுக்கு அவ்வளவா ஆகாது, துரு இளக்கறதுக்குன்னே விக்கறத கேட்டு வாங்குங்க. ஆக்ஸிஜன் சென்சார் (புகையில ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு பாக்கறது) மேல மட்டும் அது படக் கூடாது, கெட்டுப்போகும்.

ஞாயிறு காலையில பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு ஆரம்பிங்க. அடியில படுக்கணும்னா ஜாக் ஸ்டாண்டு போடாம படுக்காதீங்க, ஜாக்க நம்பி படுத்து செத்தவங்க இருக்காங்க. முதல்ல ஹீட் ஷீல்டு (மேனிஃபோல்டு மேல இருக்கற சூட்டுத் தடுப்புத் தகடு), அதோட 10 மில்லி போல்ட்டு துரு பிடிச்சு மொறுக்குன்னு உடையும், அது உடைஞ்சா பெரிசா கவலையில்ல. அப்புறம் சென்சார் ஒயர கனெக்டர்ல பிரிச்சுட்டு, சென்சார 22 மில்லி ஸ்லாட் வெட்டின சாக்கெட்டால எடுங்க. அப்புறம் மேனிஃபோல்டுல இருந்து கீழ இறங்கற டவுன்பைப்போட போல்ட்டு. அதுக்குப் பக்கத்துல எஞ்சினோட பிடிச்சிருக்கற பிராக்கெட் ஒண்ணு இருக்கும், அது இருக்கா, இல்ல முன்னாடி எவனாவது கழட்டி தூக்கிப் போட்டுட்டானான்னு பாருங்க, ஏன்னா அது இல்லன்னா கீழ இருக்கற பைப் கனம் பூரா மேனிஃபோல்டு தலையில தொங்கும், உங்களுது கிராக் ஆனதே அதனாலயா இருக்கலாம், அத சரி பண்ணாம புதுசு மாட்டினா அதுவும் போகும்.

நட்ட கழட்ட ஆறு முனை சாக்கெட் மட்டும்தான், பன்னண்டு முனை போட்டா நட்டு உருண்டையாயிடும். முக்கி ஒரே இழுப்பா இழுக்காதீங்க. கொஞ்சம் லூஸ் பண்ணுங்க, டைட் பக்கம் திருப்புங்க, ஆயில் அடிங்க, திரும்ப லூஸ் பக்கம், அப்படியே முன்ன பின்ன ஆட்டி ஆட்டி கொண்டு வாங்க, ஒரு நட்டுக்கு பத்து நிமிஷம் ஆனாலும் ஆகட்டும். நட்டு வராம ஸ்டட் முழுசா திரும்பி வந்துட்டா சந்தோஷப்படுங்க, அது நல்லதுதான், ஆனா நட்டும் வராம ஸ்டட்டும் வராம ஸ்பேனர் மட்டும் மெத்துனு ரப்பர் மாதிரி நகருதுன்னா நிறுத்துங்க, அங்க முறுக்கறது ஸ்டட்டு, அடுத்த கால் சுத்துல உடையும். சூடு காட்டலாம், சூடு காட்டினா முக்காவாசி வரும், ஆனா பக்கத்துல பெட்ரோல் லைன் இருக்கு, நீங்க அடிச்ச ஆயிலும் பத்திக்கும், பிரேக் கிளீனர் அடிச்ச இடத்துல நெருப்பு காட்டினா சில பிராண்டுல விஷ வாயு வரும். மாமனார் வீட்டு போர்ச்ல கேஸ் டார்ச் வேலை வேணாம்னுதான் நான் சொல்வேன்.

நான் சின் மிங் பக்கம் பட்டறையில கத்துக்குட்டியா இருந்தப்ப ஒரு நாள் மத்தியானம், தௌக்கே (முதலாளி) சாப்பிடப் போயிருந்தாரு, நான் பெரிய ஆள் மாதிரி ரெண்டடி பைப்ப ஸ்பேனர்ல சொருகி இழுத்தேன். டக். அந்த சத்தம் இன்னைக்கும் காதுல இருக்கு, ஓரத்து ஸ்டட்டு ஹெட்டோட தட்டையா உடைஞ்சுபோச்சு. பயத்துல அத மறைக்க நானே டிரில் போட்டு, எக்ஸ்ட்ராக்டர (உடைஞ்ச ஸ்டட்ட பிடிச்சு வெளிய எடுக்கற டூல்) உள்ள விட்டு திருப்பினேன், அதுவும் உள்ளயே உடைஞ்சுது. எக்ஸ்ட்ராக்டர் டிரில்லே ஏறாத இரும்பு, அது உள்ள சிக்கினா கதை முடிஞ்சது. ஹெட்ட கழட்டி மெஷின் ஷாப்புக்கு அனுப்பி மூணு நாள் ஆச்சு. தௌக்கே திட்டல, மூணு நாளும் என்கிட்ட பேசவே இல்ல, அது திட்டறத விட மோசம்.

அதனால உங்களுக்கு ஒரு கோடு போட்டுத் தர்றேன். ஸ்டட் உடைஞ்சு கொஞ்சம் வெளிய நீட்டிட்டு இருந்தா லாக்கிங் பிளையர்ல பிடிச்சு முயற்சி பண்ணுங்க. ஹெட்டோட தட்டையா உடைஞ்சா டிரில்ல தொடாதீங்க, ஹெட்டு அலுமினியம், டிரில் சறுக்கினா அலுமினியத்துலதான் இறங்கும். வெல்டிங் தெரிஞ்ச ஆள் அந்த உடைஞ்ச முனையில ஒரு நட்ட வச்சு உள்ள வெல்டு அடிச்சு திருப்பி எடுப்பாரு, அந்த சூட்டுக்கே இளகி வரும். மரை போயிருந்தா ஹெலிகாயில் (புது மரைக்கு உள்ள போடற சுருள் கம்பி) போடலாம். அதுக்கு ஆள வரச் சொல்லுங்க இல்ல டோ பண்ணுங்க. திங்கக்கிழமை ஆஃபீஸுக்கு காடி வேணும்னா ஞாயித்துக்கிழமை இந்த வேலைய ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. பெரும்பாலும் உடையறது ரெண்டு ஓரத்துலயும் இருக்கறதுதான், மேனிஃபோல்டு நீளவாக்குல விரிஞ்சு சுருங்கறப்ப ஓரத்துலதான் அதிகமா இழுக்கும், அதனால அந்த ரெண்டையும் ரொம்ப பொறுமையா எடுங்க.

பழசு வந்துட்டா ஹெட்டு முகத்த பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால சுத்தம் பண்ணுங்க, கிரைண்டர் போடாதீங்க, ஓட்டைக்குள்ள குப்பை விழாம துணி அடைச்சுக்குங்க (துணிய எடுக்க மறந்துடாதீங்க, சிரிக்காதீங்க, பாத்திருக்கேன்). செகண்ட் ஹேண்டுன்னா மேனிஃபோல்டு முகத்துல நேரான இரும்புப் பட்டை வச்சு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடு) விட்டு பாருங்க, கோணியிருந்தா மெஷின் ஷாப்ல முகம் எடுக்கணும், எவ்வளவு கோணலாம்ங்கறது அந்தந்த எஞ்சின் மேனுவல்ல போட்டிருக்கும். புது கேஸ்கெட்ட அப்படியே காய்ஞ்சபடி போடுங்க, சிலிக்கான் தடவாதீங்க, அந்த சூட்டுக்கு அது நிக்காது, சென்சாரையும் கெடுத்துடும். சென்சார் மரையில மட்டும் ஆன்டி சீஸ் (மரை இறுகிப் போகாம தடவற பசை) லேசா, நுனியில படாம. நட்டெல்லாம் கையால ஏத்திட்டு நடுவுல இருந்து ஓரத்துக்கு, ரெண்டு மூணு சுத்துல, டார்க் ரெஞ்சால (எவ்வளவு இறுக்கறோம்னு அளவு காட்டற ஸ்பேனர்) இறுக்குங்க. எட்டு மில்லி ஸ்டட்டுக்கு பொதுவா 20ல இருந்து 30 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும், ஆனா உங்க எஞ்சினுக்குன்னு மேனுவல்ல இருக்கற நம்பரத்தான் போடணும், கைக்கணக்கு வேணாம். கையால ‘நல்லா’ டைட் பண்ணி புது ஸ்டட்ட உடைச்சவங்களும் இருக்காங்க.

கேள்வி: எனக்கு லேண்டட் வீடெல்லாம் இல்ல, ஈசூன்ல நாலறை அடுக்குமாடி வீடு. மல்டி ஸ்டோரி கார்பார்க் மேல் மாடி எப்பவும் காலியாத்தான் கிடக்கு, ஞாயித்துக்கிழமை அங்க வச்சு செய்யலாமா?

பதில்: கூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார்பார்க்ல ரிப்பேர் வேலைக்கு அனுமதி இல்ல. மேல் மாடியா கீழ் மாடியாங்கறது கணக்கே இல்ல. அது போக பாதியில ஸ்டட் உடைஞ்சா காடி எங்க நிக்கும்னு யோசிங்க. தெரிஞ்ச ஒர்க்‌ஷாப் இருந்தா சாமான நீங்களே வாங்கிக் கொடுத்து கூலி மட்டும் பேசிப் பாருங்க, சில பேர் ஒத்துக்குவாங்க, சில பேர் மூஞ்ச தூக்குவாங்க.

கேள்வி: ஜொகூர்ல ஒரு கடையில கிராக்க வெல்டு பண்ணிக் கொடுத்தாங்க, ரொம்ப மலிவு. ரெண்டே மாசத்துல பக்கத்துலயே திரும்ப விட்டுடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

பதில்: ஏமாத்தினாங்கன்னு சொல்ல மாட்டேன், அவசரப்பட்டிருப்பாங்க. மேனிஃபோல்டு பெரும்பாலும் வார்ப்பிரும்பு, அதுல கார்பன் ஜாஸ்தி, சும்மா வாசல் கேட் கம்பிய வெல்டு அடிக்கற மாதிரி அடிச்சா வெல்டுக்குப் பக்கத்துல இருக்கற இரும்பு கண்ணாடி மாதிரி மொறுமொறுப்பாயிடும், அடுத்த சூட்டுல அதே பக்கத்துலயே விடும், உங்களுக்கு நடந்தது அச்சு அசல் அதுதான். ஒழுங்கா செய்யணும்னா விரிசலோட ரெண்டு முனையிலயும் சின்ன ஓட்டை போட்டு அது மேல ஓடாம நிறுத்தி, பள்ளம் வெட்டி, மொத்த சாமானையும் சூடு பண்ணி, நிக்கல் ராட்ல அடிச்சு, அப்புறம் மணிக்கணக்கா மெதுவா ஆற விடணும். இவ்வளவும் பண்ணினா புதுசு வாங்கற விலை வந்துடும். கிடைக்கவே கிடைக்காத பழைய மாடல்னா வெல்டு பண்ணுங்க, இல்லன்னா மாத்திடுங்க. திரும்ப ஜொகூர் போய் சண்டை போடறதா இருந்தா முக்கா டேங்க் பெட்ரோல் இருக்கான்னு பாத்துட்டு போங்க, அது இல்லன்னு இங்கயே அபராதம் கட்டினா வெல்டிங் காச விட அது ஜாஸ்தி.

கேள்வி: செக் எஞ்சின் லைட் எரியுது, ஸ்கேன் பண்ணா பி0420ன்னு எரர் கோடு வருது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போச்சு, புதுசு போடணும்ங்கறாங்க. டிக் டிக் சத்தமும் இருக்கு. அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன் வேற. (பிடோக் வாசகி)

பதில்: அவசரப்பட்டு காச இறக்காதீங்கம்மா. அந்த சத்தம் இல்லன்னா நானும் கன்வெர்ட்டர்னுதான் சொல்லியிருப்பேன், ஆனா சத்தம் இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஓட்டை வழியா வாயு வெளிய மட்டும் போறதில்ல, எக்ஸாஸ்ட்ல அழுத்தம் துடிச்சுத் துடிச்சு வரும், அந்த துடிப்புக்கு நடுவுல வெளிக் காத்து உள்ளயும் இழுபடும். அந்தக் காத்துல இருக்கற ஆக்ஸிஜன சென்சார் பாத்துட்டு பெட்ரோல் பத்தலன்னு நினைச்சு கம்ப்யூட்டர் பெட்ரோல கூட்டும், பெட்ரோல் பத்தலங்கற பி0171 மாதிரி எரர் கோடும் வரலாம், பின் சென்சாரும் குழம்பி பி0420 காட்டலாம். முதல்ல லீக்க அடைங்க, எரர் கோட அழிச்சுட்டு ஒரு வாரம் ஓட்டுங்க, திரும்ப வந்தா அப்ப கன்வெர்ட்டரப் பத்தி பேசலாம். ஆனா லீக்க அப்படியே விட்டு மாசக்கணக்குல ஓட்டினீங்கன்னா அந்த கூடுதல் பெட்ரோல்ல கன்வெர்ட்டரும் நெஜமாவே போயிடும். இன்ஸ்பெக்‌ஷன் தேதிக்கு முன்னாடி முடிச்சுடுங்க, விகாம் ஆகட்டும், எஸ்டிஏ ஆகட்டும், ஜேஐசி ஆகட்டும், எந்த சோதனை நிலையத்துலயும் புகை அளவு பாக்காம விட மாட்டாங்க. பத்து வருஷம் தாண்டின காடின்னா வருஷா வருஷம் போகணும், அதனால இந்த வருஷம் எப்படியோ சமாளிச்சாலும் அடுத்த வருஷம் அதே வரிசையிலதான் நிப்பீங்க.

கேள்வி: சனிக்கிழமை காஸ்வேல ரெண்டு மணி நேரம் நின்னோம், காடிக்குள்ள லேசா புகை வாசம், மனைவிக்கும் பிள்ளைக்கும் தலைவலி. ஏர்கான் வாசம்னு நினைச்சு ஃபில்டர் மாத்தினேன், போகல. சத்தமும் இருக்கு, ஆனா காடி நல்லாத்தான் ஓடுது.

பதில்: இந்தக் கடிதத்த படிச்சதும் இதழ் வர்ற வரைக்கும் காத்திருக்காம உங்களுக்கு தனியா மெயில் போட்டேன், பாத்திருப்பீங்க. மத்தவங்களுக்காக இங்கயும் எழுதறேன். அது ஏர்கான் இல்ல சார். மேனிஃபோல்டு லீக் ஆனா வாயு பானெட்டுக்கு அடியில தேங்கும், கேபினுக்கு காத்து இழுக்கற வாய் கண்ணாடிக்குக் கீழ அங்கதான் இருக்கு. ஓடற காடியில காத்து அடிச்சுட்டுப் போயிடும், காஸ்வேல நின்ன காடியில எங்க போகும்? அதுல கார்பன் மோனாக்சைடு இருக்கு, அதுக்கு நிறமும் கிடையாது வாசமும் கிடையாது, உங்களுக்கு வந்த வாசம் கூட வர்ற மத்த வாயுவோடது, அது வந்ததே உங்க அதிர்ஷ்டம். ரத்தத்துல ஆக்ஸிஜன விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும், தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம்னு ஆரம்பிக்கும், பின் சீட்ல பிள்ளை தூங்குதுன்னு நினைப்பீங்க. ரீசர்குலேஷன் (உள் காத்தையே சுத்த விடற பட்டன்) போட்டுக்கிட்டா போதும்னு சில பேர் சொல்றாங்க, போதாது, அது முழுசா அடைக்காது. மாத்தற வரைக்கும் அந்தக் காடிய எடுக்காதீங்க. நின்னப்ப வந்த தலைவலி இறங்கி வெளிக் காத்துக்கு வந்தும் போகலன்னா டாக்டர்கிட்ட போய் எக்ஸாஸ்ட் லீக்னு வாயத் தொறந்து சொல்லுங்க, சொல்லலன்னா அவங்க ஃப்ளூன்னு மாத்திரை கொடுத்து அனுப்பிடலாம்.

கேள்வி: மாத்தறதுதான் மாத்தறோம், மேனிஃபோல்டுக்கு பதிலா ரேஸ் டைப் எக்ஸாஸ்ட் குழாய், எக்ஸ்ட்ராக்டர்னு சொல்வாங்களே, அத போட்டுட்டா என்ன அங்கிள்? பவர் வரும்ல, சத்தமும் கெத்தா இருக்கும்.

பதில்: சாதாரண 1.6 காடியில அத மட்டும் போட்டா வர்ற பவர் உங்க காலுக்குத் தெரியாது, காதுக்கு மட்டும்தான் தெரியும். ஒரிஜினல் மாதிரியே மாத்தினா அது ரிப்பேர், வேற மாதிரி போட்டா அது மாடிஃபிகேஷன், அதுக்கு எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) விதி என்னன்னு பாத்துட்டு காச எடுங்க. சில எக்ஸ்ட்ராக்டர்ல கேட்டலிடிக் கன்வெர்ட்டரே இருக்காது, அந்தப் பக்கம் போகவே போகாதீங்க. வர்ற பவருக்கு அபராதம் ஜாஸ்தி.

கேள்வி: அண்ணே நானே மாத்திட்டேன், ஸ்டட் ஒண்ணும் உடையல! ஆனா ஸ்டார்ட் பண்ணினதும் பானெட்டுக்குள்ள புகையா வந்துச்சு, பயந்து ஆஃப் பண்ணிட்டேன். என்ன தப்பு பண்ணினேன்? (உட்லண்ட்ஸ் வாசகர், தம்பி வீட்டு லேண்டட்ல)

பதில்: தப்பே பண்ணல. உங்க கைப்பிசுக்கு, நீங்க அடிச்ச ஆயில், புது சாமான் மேல தடவியிருக்கற துருத் தடுப்பு எண்ணெய், எல்லாம் எரியுது. காடிய வெளிய திறந்த இடத்துல விட்டு ஒரு இருபது நிமிஷம் ஐடில்ல ஓட விடுங்க, நீங்க பக்கத்துல தீயணைப்பானோட நில்லுங்க, உள்ள உக்காராதீங்க. முழுசா ஆறினதும் அந்த சோப்புத் தண்ணி சோதனைய ஒரு தடவ பண்ணிப் பாருங்க. மேனுவல்ல சொல்லியிருந்தா ரெண்டு மூணு நாள் ஓட்டின பிறகு, நல்லா ஆறின எஞ்சின்ல டார்க் ரெஞ்ச திரும்ப ஒரு சுத்து வச்சுப் பாருங்க. மூணாவது நாளும் புகை வந்தா மேனிஃபோல்ட பாக்காதீங்க, மேல ராக்கர் கவர் (எஞ்சினோட மேல் மூடி) கேஸ்கெட்ட பாருங்க, பழைய காடின்னா அங்கிருந்து எஞ்சின் ஆயில் ஒவ்வொரு சொட்டா மேனிஃபோல்டு மேல விழும். அது அரை நாள் வேலை, ஸ்டட் கிடையாது.